செடான் கீழ இடிக்குதா? டயரா, ரப்பரா, ஸ்பேசரா, ஸ்பிரிங்கா, இல்ல கொத்தனாரா?

சிட்டி, சியாஸ், டிசையர், ஸ்லேவியா, எந்த செடான் வச்சிருக்கவங்கள கேட்டாலும் பேச்சு சுத்தி சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வரும், வண்டி ஓட்ட அருமையா இருக்கு, ஆனா கீழ இடிக்குது. அடுத்து, ஏத்திடலாமான்னு கேப்பாங்க. சென்னையில கார் சாமான் விக்கிற ஜி.பி. ரோட்டுல எந்த கடைக்குப் போனாலும் "ஒரு இஞ்ச் ஏத்திடலாம்ணே, அரை நாள் வேலை"ன்னு சொல்லிடுவாங்க. அரை நாள்ல ஏத்திடலாம், அது உண்மைதான். எதை வச்சு ஏத்துறாங்க, அதுக்கு எந்த பார்ட் விலை கொடுக்குதுங்கிறத யாரும் சொல்றதில்ல. ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். என் கருத்து என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன்: பாதி பேருக்கு மேல வண்டியை ஏத்தவே தேவையில்ல, தேய்ஞ்சத மாத்தினா போதும். மீதி பேருக்கு 15ல இருந்து 20 எம்எம் போதும். 25க்கு மேல செடானை ஏத்துறவங்க வேற வண்டி வாங்கலாம்.

மொதல்ல எங்க இடிக்குதுன்னு பாருங்க. சத்தம் மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. அடுத்த தடவ வாட்டர் வாஷ்ல வண்டியை லிஃப்ட்ல ஏத்தும்போது ஓரமா போன் பாத்துட்டு உக்காராம கீழ போய் நின்னு ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க. முன் பம்பருக்கு அடியில கருப்பு பிளாஸ்டிக் லிப் ஒண்ணு இருக்கும், அதுல கோடு கோடா கீறல் இருந்தா கவலையே படாதீங்க, அது காத்துக்காக தொங்கவிட்டது, உரசினா வளைஞ்சு கொடுக்கும், கிழிஞ்சா சில நூறு ரூபாயில இருந்து கிடைக்கும். நடுவுல சைலன்சர் பைப் சேர்ற இடத்துல ஃபிளேஞ்ச்ங்கிற இணைப்புத் தகடும் போல்ட்டும் இருக்கும், அந்த போல்ட் தலை பளபளன்னு தேய்ஞ்சிருந்தா அதுதான் உண்மையான இடி. இன்ஜின் கார்டு தகரம் உள்பக்கமா குழிஞ்சிருக்கான்னு பாருங்க. டோருக்கு அடியில ஜாக்கி வைக்கிற அந்த மடிப்புத் தகடு வளைஞ்சிருந்தா ரேம்ப்ல நடுவயிறு உக்காந்திருக்குன்னு அர்த்தம். பளபளப்பா இருந்தா புது அடி, துருப்பிடிச்சிருந்தா பழைய அடி, ஒருவேளை முன்னாடி ஓனர் காலத்துது.

இது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமான பிரச்சனை. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற வேற.

அடுத்தது அந்த கிரவுண்ட் கிளியரன்ஸ் நம்பர், அதாவது தரைக்கும் வண்டியோட அடிவயித்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. டிசையர் 163 எம்எம், சிட்டி 165, சியாஸ் 170, ஸ்லேவியாவும் விர்டஸும் 179. இதெல்லாம் பெரும்பாலும் ஆள் ஏறாத வெறும் வண்டிக்கு சொல்ற கணக்கு. அஞ்சு பேரும் ரெண்டு சூட்கேஸும் ஏறினா பின்பக்கம் 40, 50 எம்எம் இறங்குறது சாதாரணம், அப்புறம் 165 எங்க இருக்கு. அதனால பிரோஷர பாக்காம ஒரு டேப் எடுங்க, பின் வீலோட நடு சென்டர்ல இருந்து ஃபெண்டர் வளைவு வரைக்கும் அளந்து எழுதிக்கோங்க, வெறும் வண்டியில ஒண்ணு, ஃபேமிலி ஏறினப்புறம் ஒண்ணு. அதே மாடல்ல யாராவது புதுசா வாங்கியிருந்தா அவங்க வண்டியையும் அளந்து பாருங்க. உங்க வண்டி புது வண்டிய விட 15 எம்எம் கீழ உக்காந்திருந்தா உங்களுக்கு தேவை வண்டிய ஏத்துற லிஃப்ட் கிட் இல்ல, புது ஸ்பிரிங்.

இன்னொரு விஷயம் வீல்பேஸ், அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கிற தூரம். வீல்பேஸ் நீளமா இருந்தா நடுவயிறு சீக்கிரம் தட்டும். இதை பிரேக்ஓவர் ஆங்கிள்னு சொல்லுவாங்க, மேட்டுமேல வண்டி ஏறும்போது நடுவுல இடிக்காம தாங்குற கோணம். டிசையர் வீல்பேஸ் 2450, ஸ்லேவியா 2651. கணக்கு போட்டா டிசையருக்கு கிட்டத்தட்ட 15.2 டிகிரி வருது, ஸ்லேவியாவுக்கு 15.4. 16 எம்எம் உசரமா நிக்கிற வண்டிக்கு கிடைச்சது 0.2 டிகிரி தான். சிட்டிக்கு 14.5, சியாஸுக்கு 14.6. சியாஸ் அஞ்சு எம்எம் உசரம்னு சண்டை போடறவங்களுக்கு இதுதான் பதில், ரேம்ப்ல ரெண்டும் ஒண்ணுதான்.

ஆனா குறுகலான ஸ்பீட் பிரேக்கர்ல கதை வேற. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உசரம், 17 மீட்டர் ஆரம் உள்ள வளைவு. அப்படி கட்டினா 2.6 மீட்டர் வீல்பேஸ் வண்டி முழுசா அந்த மேட்டுமேலயே நிக்கும், ரெண்டு வீலுக்கு நடுவுல மேடு எழும்புறது வெறும் 5 செமீ. எந்த செடானும் இடிக்காது. நம்மள இடிக்கிறதெல்லாம் தெருவுல நாலு பேரு சேந்து மிச்ச சிமென்ட்ட கொட்டி போட்டது, ஒரு அடி அகலம், அரை அடி உசரம், ரெண்டு பக்கமும் செங்குத்தா. அதுல முன் வீல் இறங்கினதும் அந்த மேடு அப்படியே வயித்துக்கு அடியில இருக்கும். அங்க வீல்பேஸ் கோணம் எதுவும் உதவாது, மேட்டு உசரத்தவிட அந்த நிமிஷத்துல வண்டி எவ்வளவு உசரமா இருக்குங்கிறது மட்டும்தான் கணக்கு. இதுல ரெண்டு எம்எம் கூட பேசும்.

அதுக்குத்தான் ஓட்டற முறையும் ஒரு ஆப்ஷன்னு சொல்றேன், சிரிக்காதீங்க. மேட்டுமேல ஏறும்போதும் பிரேக்க அமுத்திட்டே இருந்தா மூக்கு கீழ குனியும், அதுவே 20, 30 எம்எம் தின்னுடும். மேட்டுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சு பிரேக்க விட்டு உருட்டுங்க. இடம் இருந்தா சாய்வா ஏத்துங்க, ஒவ்வொரு வீலா ஏறும்போது நடுப்பகுதியும் கூடவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். டயர்ல காத்து கம்மியா வச்சா சொகுசா இருக்கும்னு சிலர் 28ல ஓட்டுவாங்க, அதுவும் உசரத்த தான் குறைக்குது.

சரி, இப்ப காசு செலவு பண்ற வழிகளுக்கு வருவோம்.

யாரும் நெனச்சே பாக்காத ஒண்ண மொதல்ல சொல்றேன், கொத்தனார். சென்னையில ரோடு மேல ரோடு போட்டு போட்டு வீடு எல்லாம் பள்ளத்துக்குப் போயிடுச்சு, வாசல்ல ஒரு அடி ஏத்தம் இருக்கும், அதுக்கு நாலு அடி நீளத்துல ரேம்ப் போட்டிருப்பாங்க. நாலுக்கு ஒண்ணுன்னா 14 டிகிரி. வெறும் வண்டியில சிட்டியோட கோணம் 14.5, ஆள் ஏறினா அதுக்கும் கீழ, அப்ப தினமும் காலையில கர்ர்ருன்னு சத்தம் வராம என்ன பண்ணும். அதே ரேம்ப்ப ஆறு அடி நீளமா உள்பக்கமா இழுத்தா 9.5 டிகிரி ஆயிடும். மேல் விளிம்ப கூர்மையா விடாம கொஞ்சம் ரவுண்டா பூசிட்டா இன்னும் நல்லது. வண்டிய 20 எம்எம் ஏத்தினா உங்களுக்கு கிடைக்கிறது ஒண்ணே முக்கால் டிகிரி கூட இல்ல, கொத்தனார் ஒரே நாள்ல நாலரை டிகிரி கொடுத்துட்டாரு. தினமும் இடிக்கிறது உங்க வீட்டு வாசல்ல மட்டும்னா சஸ்பென்ஷன்ல கை வைக்கவே வைக்காதீங்க. ரோட்டுப்பக்கமா நீட்டாதீங்க, கார்ப்பரேஷன்காரங்க வந்து உடைச்சிட்டு போயிடுவாங்க.

அடுத்தது டயர். எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இதுதான், ஏன்னா சஸ்பென்ஷன்ல ஒரு போல்ட்டக் கூட கழட்ட வேண்டியதில்ல. புது டயர்ல ரோட்டத் தொடற ரப்பர் கட்டை ஏறத்தாழ 8 எம்எம் ஆழம் இருக்கும், சட்டப்படி 1.6க்கு வந்தா மாத்தணும். அதாவது தேய்ஞ்ச டயர்ல ஓடற வண்டி 6 எம்எம் ஏற்கனவே இறங்கித்தான் ஓடுது. அதே சைஸ்ல புதுசு போட்டாலே அது திரும்ப கிடைக்கும். அதோட ஒரு சைஸ் ஏத்தினா இன்னும் கொஞ்சம். சியாஸ்ல வந்த 185/65 ஆர்15க்கு (185 எம்எம் அகலம், அதுல 65 சதவீதம் டயரோட பக்கச் சுவர் உசரம், 15 இஞ்ச் ரிம்) பதிலா 195/65 ஆர்15 போட்டா டயரோட மொத்த விட்டம் 13 எம்எம் கூடும், அதுல பாதி, ஆறரை எம்எம், வண்டிக்கு அடியில கிடைக்கும். தேய்ஞ்ச டயர்ல இருந்து இதுக்கு மாறுறவங்களுக்கு மொத்தம் 12 எம்எம் கிட்ட. இது கடைக்காரர் ரப்பர் போட்டு கொடுக்கிற அளவுக்கு பெருசா தெரியாது, ஆனா இந்த 12 எம்எம் உண்மையானது, லோடு ஏறினாலும் இறங்காது, ஏன்னா டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமே இல்ல.

இதுல குறை என்னன்னா, ஸ்பீடோமீட்டர் 2 சதவீதம் கம்மியா காட்டும், மீட்டர்ல 100ன்னா நிஜத்துல 102. ஓடோமீட்டரும் அப்படித்தான், கிலோமீட்டர் கம்மியா ஏறும், உடனே மைலேஜ் விழுந்துடுச்சுன்னு புலம்புவாங்க, பாதி புலம்பல் வெறும் கணக்குல வர்றது. மீதி பாதி நிஜம், டயர் அகலமும் எடையும் கூடுது. மொத்த விட்டம் 3 சதவீதத்துக்குள்ள மாறுற வரைக்கும் போங்க, அதுக்கு மேல வேணாம். டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற லோடு இன்டெக்ஸும், எவ்வளவு வேகம் தாங்கும்னு சொல்ற ஸ்பீடு ரேட்டிங்கும் கம்பெனி டயரவிட குறையக்கூடாது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு உள்ள லைனர்ல உரசுதான்னு கடையிலயே பாருங்க, ரிவர்ஸ்லயும் ஒடிச்சுப் பாருங்க. ஸ்டெப்னி பழைய சைஸ்லயே இருந்தா அது பஞ்சர் கடை வரைக்கும் போறதுக்கு மட்டும்தான்னு மனசுல வச்சுக்கோங்க.

பதினாறு இஞ்ச் அலாய் போட்டா உசரம் ஏறும்னு ஒரு நம்பிக்கை ஊர் பூரா இருக்கு. சியாஸ் டாப் வேரியன்ட்ல வந்த 195/55 ஆர்16ஓட விட்டம் 185/65 ஆர்15வுக்கு கிட்டத்தட்ட சமம், அரை எம்எம் கம்மி கூட. ரிம் பெருசாச்சு, ரப்பர் குறைஞ்சுது, பள்ளத்துல ரிம் வளையறதுக்கு வாய்ப்பு கூடிச்சு, உசரம் அப்படியே இருக்கு.

மூணாவது வழிதான் கடைங்கள்ல அதிகமா விக்கிறது, ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல சொருகற ரப்பர். ஸ்பிரிங் அசிஸ்டர், பஃபர், குஷன்னு ஒவ்வொரு கடையில ஒவ்வொரு பேரு. விலை சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும், சோப்புத் தண்ணி போட்டு பத்து நிமிஷத்துல சொருகிடுவாங்க, வெளிய வந்து பாத்தா வண்டி நிமிந்து நிக்கும், கஸ்டமர் சந்தோஷமா போயிடுவாரு. என்ன நடக்குதுன்னா, ஸ்பிரிங்ல வேலை செய்யற சுத்துல ஒண்ண ஆப்பு அடிச்சு நிறுத்தின மாதிரி ஆயிடுது. அந்த சுத்து அமுங்காது, மீதி சுத்துங்கதான் மொத்த வேலையும் பாக்கணும், அதனால ஸ்பிரிங் விறைப்பாகுது. ஷாக் அப்ஸார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு டியூன் பண்ணது, இப்ப விறைப்பான ஸ்பிரிங் எகிறி வரும்போது அதை அடக்குற சக்தி ஷாக்குக்கு இல்ல, வண்டி மேட்ட தாண்டினப்புறமும் துள்ளும். ஷாக் ஏற்கனவே பழசுன்னா சீக்கிரமே ஆயில் கசிய ஆரம்பிச்சிடும்.

அதுக்காக ரப்பர் எல்லாமே மோசம்னு சொல்லமாட்டேன். பின்னாடி எப்பவும் மூணு பேர், டிக்கியில சிஎன்ஜி சிலிண்டர், இல்ல டாக்ஸி ஓட்டற டிசையர், இவங்களுக்கு பின்பக்கம் மட்டும் நல்ல பாலியூரித்தேன் பஃபர் போட்டா வேலைக்கு ஆகும், ஏன்னா அவங்க பிரச்சனையே லோடுல உக்கார்றது, விறைப்பு கூடினா அவங்களுக்கு நல்லதுதான். தனியா ஆபீஸ் போயிட்டு வர்றவரு நாலு வீலுக்கும் ரப்பர் போட்டா முதுகுவலிதான் மிச்சம். முன்னாடி போடறத நான் யாருக்கும் சொல்றதில்ல, முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்த அமைப்பு) விறைப்பானா பிரேக் அடிக்கும்போதும் வளைவுலயும் முன் டயர் ரோட்ட பிடிக்கிற விதமே மாறிடும். மழைக்காலத்துல அந்த ரப்பர் நகர்ந்து ஒரு பக்கமா போயி கிரீச் கிரீச்னு சத்தம் கொடுக்கிறது தனிக் கதை.

நாலாவது ஸ்பேசர். ஸ்பிரிங்க தொடாம, ஸ்ட்ரட்டோட மேல் மவுன்ட்டுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கட்டை வைக்கிறது. உசரம் ஏத்தியே ஆகணும்னா என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா அளவோட. 20 எம்எம் கட்டை வச்சா முன்பக்கம் ஏறத்தாழ 20 எம்எம் ஏறும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழைய மாதிரியே இருக்கிறதால சொகுசு மாறாது, முழு ஸ்ட்ரட்டும் கீழ இறங்கியிருக்கு, அவ்வளவுதான். இங்க விலை கொடுக்கிறது வேற பார்ட்டுங்க. வீல் கியர்பாக்ஸவிட இன்னும் கீழ போனதால கியர்பாக்ஸ்ல இருந்து வீல சுத்துற டிரைவ் ஷாஃப்டோட சாய்வு கூடுது, அதோட முனையில இருக்கிற மூட்டு, அதாவது சிவி ஜாயின்ட்டும் அதை மூடற ரப்பர் பூட்டும் அதிக கோணத்துல சுத்துது, அது தேய்ஞ்சா முழுசா ஒடிச்சு திரும்பும்போது டக் டக் டக்னு கேக்கும். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டுக்கும் அதே கதை. வீல திருப்பற டை ராட் கம்பியோட கோணம் மாறுறதால டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கிற அளவு) மாறிடும், கேம்பரும் (முன்னாடி இருந்து பாத்தா வீலோட சாய்வு) லேசா மாறும், அதனால ஸ்பேசர் போட்ட அன்னிக்கே வீல் அலைன்மென்ட் பண்ணாம வண்டிய வீட்டுக்கு எடுத்துட்டு போனா முன் டயர் ஓரம் சோளக்கதிர் கடிச்ச மாதிரி ஆயிடும்.

பின்பக்கம் பெரும்பாலான செடான்ல ரெண்டு வீலையும் இணைக்கிற டார்ஷன் பீம்ங்கிற உத்திரம், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்க ஸ்பிரிங் உக்கார்ற இடத்துல கட்டை வைப்பாங்க. ஸ்பிரிங் வீல் சென்டருக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கிறதால 15 எம்எம் வச்சா வீல்ல அதவிட கூடவே ஏறும், அதனால முன்னாடி 20ன்னா பின்னாடியும் 20ன்னு கேட்டு வாங்காதீங்க, பின்பக்கம் தூக்கிட்டு நிக்கும். ஷாக் பழைய நீளம்தான், அதனால பள்ளத்துல வீல் கீழ இறங்குற தூரம் குறையுது, பெரிய பள்ளத்த தாண்டும்போது ஷாக் முழுசா நீண்டு டொக்குனு ஒரு சத்தம் வந்தா கட்டை அதிகம்னு அர்த்தம்.

இந்த 20, 15 கணக்கு நான் சும்மா சொல்லல. 2019ல சிவிக்க திரும்ப கொண்டு வந்தப்ப ஹோண்டா கம்பெனியே இந்தியாவுக்காக முன்னாடி 20 எம்எம், பின்னாடி 15 எம்எம் ஏத்தித்தான் வித்தாங்க. வண்டிய டிசைன் பண்ணவங்களே, ஸ்பிரிங் ஷாக் எல்லாத்தையும் புதுசா டியூன் பண்ற வசதி இருந்தும், அங்க நிறுத்திக்கிட்டாங்க. லேத்துல கடைஞ்ச கட்டைய வச்சு 40 எம்எம் ஏத்தலாம்ணேன்னு யாராவது சொன்னா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

கட்டையில அலுமினியம், நைலான், பாலியூரித்தேன்னு மூணும் கிடைக்கும். நல்லா கடைஞ்ச அலுமினியம் போதும், உங்க மாடலுக்குன்னே துளை போட்டதா இருக்கணும், கை டிரில்ல போட்ட துளை இருக்கிறத வாங்காதீங்க. கட்டைய விட முக்கியம் போல்ட்டு. மேல் மவுன்ட்ல வர்ற கம்பெனி ஸ்டட் நீளம் பத்தாது, நீளமான போல்ட் போடுவாங்க, அது ஹை டென்சைல், அதாவது அதிக பலமான போல்ட் தானான்னு போல்ட் தலையில பாருங்க, 8.8 இல்லன்னா 10.9ன்னு பொறிச்சிருக்கும். ஒண்ணுமே எழுதாத மொட்டை போல்ட்ட மாட்டினா வண்டிய எடுக்காதீங்க, மூணு போல்ட்டுதான் முன் வீலோட முழு இடியையும் தாங்குது.

அஞ்சாவது, ஸ்பிரிங்கையே மாத்துறது. வண்டி 80 ஆயிரம், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி பாக்க வேண்டியது இதுதான். ஸ்பிரிங் வருஷக்கணக்கா லோடு தாங்கி தாங்கி உக்காந்துடும், ஷாக்கும் வீக் ஆனதால ஒவ்வொரு மேட்டுலயும் வண்டி தேவைக்கு மேல அமுங்கும். கம்பெனி ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப், மேல் மவுன்ட் நாலையும் சேத்து மாத்தினா ஷோரூம்ல எடுத்தப்ப இருந்த உசரம் திரும்பும், செலவு ஸ்பேசரவிட பல மடங்கு, ஆனா வண்டியே புதுசான மாதிரி ஓடும், இன்சூரன்ஸ் வாரண்ட்டி எந்த தலைவலியும் இல்ல. நிறைய பேரு உக்காந்து போன ஸ்பிரிங்குக்கு மேல ரப்பர சொருகி ஓட்டறாங்க, சில நாள்ல திரும்ப இறங்கிடுது, உடனே ரப்பர் கடைக்காரன திட்டுவாங்க.

இதுலயே ஒரு கிளைவழி இருக்கு. ஒரே மாடல்ல டீசல் வண்டியோட முன் ஸ்பிரிங்க பெட்ரோல் வண்டியில போடறது. டீசல் இன்ஜின் எடை அதிகம், அதுக்கு ஏத்த மாதிரி ஸ்பிரிங் விறைப்பா இருக்கும், எடை கம்மியான பெட்ரோல்ல போட்டா மூக்கு தூக்கும். பழைய கார் பார்ட்ஸ் விக்கிற சென்னை புதுப்பேட்டையில செகண்ட்ஸ்ல தேடினா ஜோடி கிடைக்கும், மெக்கானிக்குங்க ரகசியம் மாதிரி சொல்லுவாங்க. எனக்கு இதுல முழு திருப்தி இல்ல. எவ்வளவு ஏறும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது, ஷாக்கும் அதுக்கு பொருந்தாது, அதோட வேற வண்டியில எவ்வளவு ஓடி உக்காந்த ஸ்பிரிங்குன்னு தெரியாம வாங்குறோம். இதுக்குன்னே செய்யற லிஃப்ட் ஸ்பிரிங் உங்க மாடலுக்கு கிடைச்சா அது பரவாயில்ல, வெளிநாட்டுல ஐபாக் மாதிரி கம்பெனிங்க லிஃப்ட் கிட் போடறாங்க, ஆனா நம்ம ஊர் செடானுக்கு கிடைக்கிறது அபூர்வம்.

உசரத்த மாத்திக்கிற காயில்ஓவரப் பத்தி ஒரே வரி: அது பெரும்பாலும் வண்டிய இறக்கறவங்களுக்கு செஞ்சது, லட்சத்த தொடற விலை, ஸ்பீட் பிரேக்கர் பிரச்சனைக்கு அத வாங்குறது வீண்.

எதுவும் வேணாம், வித்துட்டு எஸ்யூவி வாங்கிடலாம்ங்கிறதும் ஒரு ஆப்ஷன் தான். பிரெஸ்ஸா 198, கிரெட்டா 190, நெக்ஸான் 208 எம்எம். வாரம் ஒருக்கா தோட்டத்துக்கு மண்ரோட்டுல போறவங்க, ஊர்ல ரோடே இல்லாதவங்க, அவங்க யோசிக்கட்டும். ஆனா சென்னைக்குள்ள ஆபீஸ் போயிட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊருக்கோ கொல்லிமலைக்கோ போறவங்க இதுக்காக ஆறேழு லட்சம் கூட போடறது எனக்கு புரியல. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அங்க எனக்கு செடான் போதும், தாழ்வா நிக்கிற வண்டி வளைவுல எவ்வளவு அடக்கமா திரும்பும்னு அங்க ஓட்டினவங்களுக்கு தெரியும். வெள்ளத்துக்காக ஏத்துறேன்னு சொல்றவங்களுக்கு வேற சொல்லணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரக் கொண்டுபோய் நிறுத்தினாங்க, அதுல எஸ்யூவியும்தான் நின்னுது. முட்டியளவு தண்ணிக்கு 20 எம்எம் ஒண்ணும் பண்ணாது.

அப்ப யாருக்கு எது? முன் லிப் மட்டும் உரசுதுன்னா எதுவும் பண்ணாதீங்க. வீட்டு ரேம்ப் மட்டும்னா கொத்தனார். ஃபேமிலியோட போகும்போது மட்டும் பின்னாடி தட்டுது, வண்டியும் பழசுன்னா பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாத்துங்க. பின்னாடி எப்பவுமே லோடுன்னா பின்பக்கம் மட்டும் பஃபர். ஸ்பிரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா தினமும் போற வழியில நாலு அராஜக ஸ்பீட் பிரேக்கர், சைலன்சர் போல்ட் தேயுதுன்னா டயர் மாத்துற நேரம் வர்ற வரைக்கும் பொறுத்து ஒரு சைஸ் ஏத்துங்க, அதுவும் பத்தலைன்னா மட்டும் 15, 20 ஸ்பேசர். டயரையும் ஸ்பேசரையும் ஒரே நாள்ல பண்ணிட்டா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாம போயிடும், அதனால ஒண்ணு ஒண்ணா போங்க.

சட்டம் ஒரு பக்கம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவு, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதியா சொல்லிடுச்சு. 15 எம்எம் ஸ்பேசர டேப் வச்சு அளந்து யாரும் ரோட்டுல நிறுத்தப் போறதில்ல, ஆனா பெரிய ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில பாப்பாரு. அதனால மாத்தினத இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பதில் வாங்கி வச்சுக்கோங்க. வாரண்ட்டி உள்ள வண்டியில சஸ்பென்ஷன் பக்கமே போகாதீங்க, சிவி ஜாயின்ட்டுக்கோ ஷாக்குக்கோ கிளெய்ம் போனா கைய விரிச்சிடுவாங்க, அவங்க பக்கம் நியாயமும் இருக்கு.

போட்டதுக்கப்புறம் செய்ய வேண்டியது. லிஃப்ட்ல வீல் தொங்கும்போதே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாம தளர்வா இருக்கான்னு ரெண்டு பக்கமும் ஸ்டியரிங்க ஒடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. லோயர் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ்ஷோட போல்ட்ட வீல் தரையில நிக்கும்போதுதான் முழுசா டைட் பண்ணணும், தொங்கும்போது டைட் பண்ணா புஷ் முறுக்கின நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழியும், அவசரத்துல நிறைய பேரு இத செய்யறதில்ல. அலைன்மென்ட் அன்னிக்கே, பிரின்ட் அவுட் கையில வாங்குங்க. ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் மேல் மவுன்ட் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச்ல திரும்ப செக் பண்ணுங்க. கடைசியா ஹெட்லைட், முன்பக்கம் மட்டும் ஏத்தினவங்களுக்கு வெளிச்சம் மேல போயி எதிர்ல வர்றவங்க கண்ண கூசும், பின்பக்கம் மட்டும் ஏத்தினா வெளிச்சம் மூக்குக்கு முன்னாடியே விழுந்துடும். டேஷ்போர்டுல இருக்கிற லெவலர் சக்கரத்த வச்சு சமாளிக்காம, லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவ திருப்பி, சுவத்துக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி ஏத்துறதுக்கு முன்னாடி போட்டு வச்ச கோட்டுக்கே கொண்டு வாங்க. அந்த கோட்ட கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரியே சாக்பீஸ்ல போட்டு வச்சிடுங்க.